கன்னத்தைப் பிடித்த கைகள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. முழங்கால் வலிக்குத் தண்ணீர் சிகிச்சை எடுக்கப் போன இடத்தில், குளத்தோரம் துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தளவு தண்ணீரில் நின்ற பருத்த மனிதர் ஒவ்வொரு முறை மூச்சை இழுத்தபோதும் இவள் தோளும் ஏறி இறங்கியது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "தண்ணீரில் அவர் இறகுபோல…"

அடித்துவிட்டேன். தண்ணீரில் உடம்பு லேசாகும், உண்மைதான். ஆனால் நெஞ்சை நாலு பக்கமும் அழுத்தும். அதை எதிர்த்து மூச்சை இழுப்பதுதான் பயிற்சியே. இது தெரியாமல் எழுத உட்கார்ந்த என்னை என்ன சொல்ல!

இரண்டாவது: அவர் பஸ் கண்டக்டர். (இல்லாமலும் இருக்கலாம். எனக்கு ஒரு விசில் தேவைப்படுகிறது.) சீட்டுகளுக்கு நடுவே நடக்க முடியாத அளவு உடம்பு பெருத்ததும் டெப்போவில் உட்கார வைத்துவிட்டார்கள். எடை குறைப்பு ஆபரேஷனுக்கு எல்லாம் தயார். மயக்க மருந்து டாக்டர் மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"மூச்சுல பலம் ஏறட்டும். இப்படியே மயக்கம் கொடுத்தா முழிப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

இதய டாக்டரோ, "ரொம்பத் தள்ளிப்போடாதீங்க, இந்த இதயம் தாங்காது" என்றார்.

3

வாரங்கள் போயின. குளத்தை விட்டு ஏறியதும் மூச்சின் பலத்தை அளக்கும் கருவியில் ஊதுவார். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. துண்டோடு காத்திருந்த மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு மட்டும் முகம் மலரவில்லை.

"சார், நீங்க நெஞ்சால ஊதல. கன்னத்தால ஊதுறீங்க."

"காலம் பூரா விசில் ஊதின வாய்ம்மா. அது பாட்டுக்கு உப்புது."

"அக்கா, என் ரெண்டு கையும் கருவியில இருக்கு. நீங்க வந்து அவர் கன்னத்தை அழுத்திப் பிடிங்க, உப்ப விடாதீங்க. இன்னிக்கு வர்ற அளவைத்தான் டாக்டருக்கு அனுப்பணும்."

4

(முந்தைய பிரதியில் இந்த இடத்தில் மனைவி அழுதாள். அழுகிறவளை எழுதுவது சுலபம். இப்போது துண்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருகிறாள்.)

அவர் முகத்தைக் கடைசியாக எப்போது தொட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. மீசை ஈரமாக இருந்தது. வாயில் குழாய் இருந்ததால் அவர் கண்ணால் கேட்டார். இத்தனை காலம் கூட வாழ்ந்தவளுக்குப் புரியாதா? கொஞ்சம் தளர்த்திப் பிடி என்கிறார்.

தளர்த்தினால் முள் ஏறும், ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்கும். இந்த மூச்சோடு போய் மேஜையில் படுப்பார். அழுத்தினால் முள் இறங்கும், தேதி தள்ளிப்போகும். இந்த இதயத்தோடு காத்திருப்பார்.

5

முடிவு ஒன்று: அவள் தளர்த்தினாள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் இவளைப் பார்த்து…

முடிவு இரண்டு: அவள் விடவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலையில், காபி ஆறிப்போவதைக் கவனித்து அவரை எழுப்பப் போனபோது…

இரண்டையும் முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன்.

"ஊதுங்க சார்" என்கிறாள் பிசியோதெரபிஸ்ட்.

அவர் மூச்சை இழுத்தாயிற்று. கன்னங்கள் உப்பத் தொடங்குகின்றன, உங்கள் உள்ளங்கைகளுக்கு அடியில்.