ஒட்டாத மஜ்ஜை

டேரிலின் எலும்பு மஜ்ஜை அவனுடைய அக்கா பியாட்ரிஸின் உடம்பில் ஒட்டவில்லை. அவளுக்கு ரத்தம் ஊறாத வியாதி. தன் மஜ்ஜை பொருந்துகிறது என்று தெரிந்ததும் பெங்களூர் காக்ஸ் டவுன் சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டவன், இப்போது டாக்டர் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

“நான் குடிப்பேன் சார். அதனாலயா?”

“இல்ல. உங்க அக்காவுக்கு மூணும் ஆம்பளைப் பசங்க. வயித்துல சுமந்தப்பவே ஆண் செல்லை அந்நியம்னு அவங்க உடம்பு தெரிஞ்சு வச்சிருக்கலாம். அதான் உங்க செல்லையும் விரட்டிடுச்சுன்னு நினைக்கிறேன். கூடப்பிறந்த பெண் யாராவது பொருந்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்பவே கேட்டேனே.”

கேட்டிருந்தார். யாருமில்லை என்று சொன்னவன் டேரில்தான். தங்கை ஸ்னேஹா ஒரு இந்துப் பையனைக் கட்டிக்கொண்டதிலிருந்து அவன் அவளை வீட்டில் சேர்க்கவில்லை. அவளைப் பற்றி பியாட்ரிஸ் கேட்டபோதும், “கூப்பிட்டேன், வரமாட்டேன்னுட்டா” என்று பொய் சொல்லியிருந்தான்.

மறுநாள் ஆடுகோடியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனான். ஸ்னேஹாவின் கணவன் கிரண் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டான். டேரிலுக்கு உட்காரக் கூசியது. நின்றபடியே ஸ்னேஹாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

“அக்காவுக்கு இவ்ளோ முடியாம இருக்கு. எனக்கு ஏன் சொல்லல அண்ணா?”

ஸ்னேஹா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவளுடைய மஜ்ஜை பொருந்தியது. இந்த முறை ஒட்டிக்கொண்டது. பியாட்ரிஸின் உடம்பில் மெல்ல ரத்தம் ஊற ஆரம்பித்தது. சாதாரண அறைக்கு மாற்றிய பிறகு, தம்பியும் தங்கையும் சேர்ந்து பார்க்கப் போனார்கள்.

“மொதல்ல கூப்பிட்டப்ப ஏன்டி வரமாட்டேன்னு சொன்ன?” என்று கேட்டாள் பியாட்ரிஸ். குரலில் கோபமில்லை, வருத்தம்தான்.

ஸ்னேஹா அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். “பயமா இருந்துச்சுக்கா” என்றாள்.

டேரிலுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“அவ பொய் சொல்றா. நான் அவளைக் கூப்பிடவே இல்லக்கா. டாக்டர்கிட்ட தங்கச்சியே இல்லைன்னு சொல்லிட்டேன்.”

பியாட்ரிஸ் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, ஸ்னேஹாவைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாள். டேரிலை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பார்வையாளர் நேரம் முடியும்வரை அவன் கதவோரமாக நின்றுகொண்டே இருந்தான்.