அண்ணன் கைக்குள் இருந்த சிப்பாய்

வோட்கா கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்த அர்ஷாக்கைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள் அண்ணி ஷூஷான். கூடத்தில் அவள் புருஷன் மெஸ்ரோப் சவப்பெட்டிக்குள் கிடந்தான். அடுப்பில், அடக்கம் முடிந்து வருபவர்களுக்கான மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது.

"குளிப்பாட்டும்போது உங்கண்ணன் விரலைப் பிரிச்சு எடுத்தாங்க. இது என்ன தம்பி?"

சதுரங்கத்தின் கறுப்புச் சிப்பாய். எட்டில் ஒன்று, எட்டும் ஒரே மாதிரி.

"கடைசியா உன்கிட்ட என்ன பேசினார்?"

"ஒண்ணும் பேசல அண்ணி."

அதுதான் அவனை அரித்துத் தின்றது. கியும்ரி நகரப் போட்டியில் அண்ணனும் தம்பியும் வருஷா வருஷம் ஒரே ஆட்டத்தைத்தான் ஆடுவார்கள். அண்ணன் கறுப்புக் காய்களோடு பிரெஞ்சுத் தடுப்பு என்ற முறையில் தொடங்குவான். மூன்றாவது நகர்த்தலில் தம்பி நடுச் சிப்பாயை வெட்டுவான், அண்ணன் திருப்பி வெட்டுவான். சமன் என்று கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அந்த அரைப் புள்ளியோடு கோப்பை அண்ணனுக்கு. நேற்று அர்ஷாக் வெட்டவில்லை, சிப்பாயை முன்னே தள்ளினான். ஒரு தடவையாவது ஜெயிக்கணும் என்ற பாழாய்ப்போன ஆசை. மெஸ்ரோப் நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் யோசித்தான். கையை நீட்டியவன் அப்படியே பலகையோரம் சரிந்தான்.

கண்ணை மூடினால் அந்தப் பார்வைதான். என்மேல் கோபத்தோடேயே போய்விட்டானா?

சிப்பாயைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போட்டி நடந்த மன்றத்துக்கு ஓடினான். முடிவு எழுதும்வரை அங்கே காய்களை யாரும் கலைப்பதில்லை.

"என்னடா, அண்ணனைப் பெட்டியில போட்டுட்டு இங்க வந்து நிக்கிற?" என்றான் நடுவர் லெவோன். "விதிப்படி நீதான் ஜெயிச்ச. கலைச்சிரட்டுமா?"

"கைய வைக்காத!"

அண்ணன் பக்கமாய்ச் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தான். வலியில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்திருந்தால் எந்தச் சிப்பாயாகவும் இருக்கலாம். காலியாக இருந்தது, ராணியை ஒட்டி நிற்கும் மந்திரிக்கு முன்னால் இருந்த கட்டம். அந்தச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, தம்பியின் நடுச் சிப்பாயைத் தாக்க வேண்டும். அவன் தள்ளியதற்குச் சரியான பதில் அதுதான்.

"அடப்பாவி," என்று விம்மினான் அர்ஷாக். "ஆடத்தான் நெனச்சிருக்கான்."

தொட்ட காயை ஆடியே ஆகவேண்டும். சிப்பாயை அண்ணனுக்காக இரண்டு கட்டம் தள்ளி வைத்தான். அண்ணன் பக்கத்துக் கடிகாரப் பொத்தானை அழுத்தினான். தன் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

தேவாலய மணி அடித்தது. லெவோன் அவன் தோளைத் தொட்டான்.

"எந்திரிடா. பெட்டியத் தூக்கப் போறாங்க."

"இரு," என்றான் அர்ஷாக், பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்ப என் முறை."