அக்கா கண் பட்டியல்

பதினாறு வருடமாகப் புரோகிராம் எழுதுகிறேன். அடுத்தவர் எழுதியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான். இந்த முறை அடித்துக்கொள்ள வேறு யாரும் கிடைக்கவில்லை.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் கவுண்டரில் உட்கார்கிறாள். அங்கே ஓடும் மென்பொருள் எங்கள் கம்பெனியுடையது. அதன் திரைகள் என் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"டாக்டர் பேரைத் தேர்ந்தெடுக்கிற லிஸ்ட் இருக்குல்ல, அதுல எழுத்தெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டுத் தெரியுதுடா. என் கம்ப்யூட்டர்ல மட்டும் பெருசாக்கிக் குடு. யாருக்கும் தெரியக்கூடாது. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா என்னைப் பைல் ரூமுக்குத் தள்ளிடுவாங்க."

"இவ்வளவுதானா? அஞ்சு நிமிஷ வேலைக்கா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என் பிறவிக் குணம்.

திரையில் வரும் பொத்தான், பெட்டி, பட்டியல் எதையும் நாங்கள் எழுதுவதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு ஃப்ரேம்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒவ்வொன்றுக்கும் 'கிளாஸ்' என்று ஓர் அச்சு உண்டு. பட்டியல் கிளாஸுக்கு வாரிசாக நம் கிளாஸை எழுதி, வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். அதை எழுதியவர் தாராளப் பிரபு. நிறத்தை மாற்றலாம், ஓரத்தை வளைக்கலாம், நிழல் போடலாம், எழுத்தைக்கூடப் பெரிதாக்கலாம். ஒரு வரியின் உயரம் மட்டும் 'பிரைவேட்'. அந்த அறையின் சாவி வாரிசுக்கும் கிடையாது. எழுத்தைப் பெரிதாக்கினேன், டாக்டர்களின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சரிதான்.

முதலில் என் கிளாஸிலும் அதே பெயரில் ஓர் உயரம் வைத்து நாற்பது என்று எழுதினேன். கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. பட்டியலும் இம்மி அசையவில்லை. அப்பா, அதாவது ஃப்ரேம்வொர்க்கின் கிளாஸ், தன் பெட்டியில் இருந்த உயரத்தையே எடுத்துக்கொண்டிருந்தார். மகன் பெட்டியில் அதே பெயரில் இன்னொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க, இத்தனை அனுபவசாலிக்கு, ஒன்றரை நாள் ஆனது.

அடுத்து, வரிகளை வரைகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பார்க்க அழகாக வந்தது. ஆனால் அழுத்திய இடத்தைக் கணக்குப் போடுவது இன்னும் அந்தப் பழைய உயரம்தான். எலும்பு டாக்டரை அழுத்தினால் மகப்பேறு டாக்டர் வந்து நின்றார்.

கடைசியில் பின்வாசல். பிரைவேட்டாக இருப்பதை அதன் பெயரைச் சொல்லித் தேடிப் பிடித்து, உள்ளே கைவிட்டு மாற்ற ஒரு வழி உண்டு. செய்யாதே என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். செய்தேன். வரிகள் நிமிர்ந்து நின்றன. பூட்டியவனை ஏமாற்றிய பெருமையில் என் கிளாஸுக்கு 'அக்கா கண் பட்டியல்' என்று பெயர் வைத்தேன். புரோகிராமுக்குள் இருக்கிற பெயரை யார் பார்க்கப் போகிறார்கள்?

"பளிச்சுன்னு இருக்குடா தம்பி" என்று அக்கா போன் செய்தாள். இரண்டு மாதம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிறகு ஃப்ரேம்வொர்க்கின் புதிய பதிப்பு வந்தது, எங்கள் மென்பொருளும் ஓர் இரவில் அதற்கு மாறியது. அதை எழுதியவர் தன் உயரத்தின் பெயரை மாற்றியிருந்தார். அவர் வீட்டுக்குள் இருப்பதற்கு அவர் பெயர் வைக்க யாரைக் கேட்க வேண்டும்? நானும் என் சாமர்த்தியத்தில், முதலில் அந்தப் பெயரைத் தேடு, பிறகு இது அக்காவின் கம்ப்யூட்டரா என்று பார் என்று எழுதியிருந்தேன். ஆகவே காலையில் பதினோரு கவுண்டரிலும் பட்டியல் திறக்கவில்லை. பதிலாகப் பதினோரு சிவப்புப் பெட்டிகள்: "பிழை: அக்கா கண் பட்டியல். உயரம் கிடைக்கவில்லை."

மென்பொருள்காரனின் அக்கா யார் என்பது அங்கே வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அவளே பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

நான் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் அம்மா அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "கண்ணுக்கு என்னம்மா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கண் பரிசோதனை முடிவு வரும்வரை என்று சொல்லி, அன்று மதியமே அவளைப் பைல் ரூமுக்கு மாற்றினார்கள். நான் பின்வாசலை அடைத்துவிட்டு, எல்லாருக்கும் பெரிய எழுத்து வரும்படி, பட்டியலையே சொந்தமாக எழுதி முடித்தேன். மூன்று வாரம் ஆனது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் விடுடா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நேற்று சாயங்காலம் வந்தாள். முடிவு வந்திருக்க வேண்டிய நாள். முடி ஏன் இப்படி வளர்ந்திருக்கிறது, குழாய் ஏன் சொட்டுகிறது என்று எல்லாம் பேசினாள்.

"கண்ணுக்கு என்னக்கா சொன்னாங்க?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். டீயைக் குடி, ஆறுது பாரு."

ஃப்ரேம்வொர்க் எழுதியவரைப் போலவே நிறம் கொடுத்தாள், ஓரம் கொடுத்தாள், நிழல்கூடக் கொடுத்தாள். அதை மட்டும் கொடுக்கவில்லை.

அவள் போனதும் போனைக் கையில் எடுத்தேன். அவள் கணவர், எங்கள் மாமா, வெள்ளந்தி. பேச்சுவாக்கில் கேட்டால் போதும், எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அவர் பெயர்வரை விரல் போய்விட்டது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அவளாகச் சொல்லும்வரை இருக்க வேண்டியதுதான். இது ஐந்து நிமிட வேலை இல்லை என்று இந்த முறை எனக்கே தெரிந்தது.