மழைமானிக் குவளை கோருதல்

என் பெயர் மயிலாத்தாள். அன்னூருக்குக் கிழக்கே ஓர் ஒன்றியத்தில் வேளாண்மை அலுவலர். ஒன்றியத்தின் பெயரைச் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது, விடுங்கள். 1997 ஜூலையில் எனக்கு ஓர் ஆணை வந்தது. கோயமுத்தூரில் ஐந்து நாள் பயிற்சி. தலைப்பை வாசிக்கவே ஒரு மூச்சு வேண்டும்: ‘பருவநிலை மாற்றத்தைக் கருத்தில் கொண்டு திட்டமிடலும் முடிவெடுத்தலும்’. எங்களுக்கு முடிவெடுக்கச் சொல்லித் தரப் போகிறார்களாம். ஆபீசுக்கு ஒரு துடைப்பம் வாங்கக்கூட என்னால் முடிவெடுக்க முடியாது.

ஆனாலும் ஆசையோடுதான் போனேன். மாவட்டத்தில் கசிவுநீர்க் குட்டை வெட்ட ஒரு திட்டம் வந்திருந்தது. பன்னிரண்டு ஒன்றியங்களில் நான்குக்குத்தான் கிடைக்கும். எந்த நான்கு என்று பயிற்சிக்கு வந்தவர்களே கடைசி நாளில் பட்டியல் போட வேண்டும். எங்களுக்கு அதுதான் பரீட்சை, மேலே போகிற பட்டியலும் அதுதான். என் தம்பி நஞ்சுண்டனின் தோட்டம் எங்கள் ஒன்றியத்தில் இருக்கிறது. கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறும் பொய்த்து, நூற்றிருபது தென்னைக்கு லாரித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் ஊர்ப் பள்ளத்தில் ஒரு குட்டை வெட்டினால் சுற்றிலும் நாற்பது கிணறு பிழைக்கும். நான் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட வந்தான்.

"அக்கா, இந்த வாட்டி எப்படியாச்சும் வாங்கிப்போடு. இன்னொரு கோடையை மரம் தாங்காதுக்கா."

பாடம் நடத்தியவர் கிருபாசங்கர், சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். கடந்த முப்பது வருட மழையை வைத்து வரப்போகும் முப்பது வருடத்தை எப்படி யோசிப்பது என்று சொல்லித் தந்தார். பூமி சூடாகிறது, மழை நாட்கள் குறையும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஊர்க் கிணறுகள் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, கடைசியில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து சொல்கிறார்!

நான்காம் நாள் எங்கள் ஒன்றியத்தின் மழையைத் திரையில் போட்டார். எண்பத்தொன்பதிலிருந்து எல்லா வருடமும் ஒரே மாதிரி, ஐப்பசியில் பெரிய மேடு.

"இந்த ஒன்றியம் ஆச்சரியமா இருக்கு பாருங்க. மழை கொஞ்சம்கூடக் குறையலை. இங்கே குட்டை தேவையில்லைன்னு தாராளமா முடிவெடுக்கலாம்."

கையில் கொடுத்திருந்த ரிஜிஸ்டர் நகலைப் புரட்டினேன். 1995 நவம்பர் 11: 62.4 மில்லிமீட்டர். அந்த நாளை நான் எப்படி மறப்பேன்? தம்பி தோட்டத்தில் ஆழ்துளை போட்ட நாள். அறுநூறு அடி வரைக்கும் வெறும் புழுதி. தலையில், பல்லிடுக்கில், சோற்றுப் போசியில் எல்லாம் வெள்ளைப் புழுதி. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அந்தப் பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, வட்ட முத்திரையோடு.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். எங்கள் ஆபீசில் மழைமானி பார்ப்பவர் காளிச்சாமி.

"ஏனுங்க காளிச்சாமி, தொண்ணூத்தஞ்சு நவம்பர்ல அறுவது மில்லி மழை எங்கீங்க பேஞ்சுது?"

"குவளை ஒடஞ்சதுதான் உங்களுக்கே தெரியுமுங்களே," என்றார்.

தெரியும். மழையை அளக்கும் கண்ணாடிக் குவளை எண்பத்தெட்டிலேயே உடைந்துவிட்டது. தொண்ணூற்றில் நான் வந்ததிலிருந்து எட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன், ‘பொருள்: மழைமானிக் குவளை கோருதல்’ என்று. நிதி வந்ததும் பரிசீலிப்பதாக ஒரே ஒரு பதில் வந்தது.

"மொதல்ல ‘அளக்கவில்லை’ன்னு எழுதுனேனுங்க. மெமோ வந்துது. அப்பறம் பூஜ்யம் போட்டேன். தொடர்ந்து பூஜ்யம் ஏன்னு அதுக்கும் மெமோ. சரீன்னு எழுவத்தொம்பதாம் வருசத்து ரிஜிஸ்டரைப் பாத்து, அங்கங்க கொஞ்சம் மாத்தி எழுதிப்போட்டேனுங்க. அதுக்கப்பறம் ஒருத்தரும் கேக்கலீங்க."

"எழுவத்தொம்பதா? ஊரே மொதந்த வருசமுங்களே அது!"

"எழுதறதே எழுதறம், நல்ல வருசமா எழுதுவம்னு பாத்தேனுங்க அம்மணி."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், திட்டவில்லை. குவளை இல்லை என்று தெரிந்தும் ஏழு வருடம் மாதாமாதம் கையெழுத்துப் போட்டவள் நான். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் எனக்கு வேலை கூடும். சீ என்று இருந்தது.

மறுநாள் காலையில் வகுப்பில் எழுந்து நின்று அத்தனையும் சொன்னேன். உடைந்த குவளை, எழுபத்தொன்பது, என் கையெழுத்து எல்லாம். கிருபாசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொன்னதுக்கு நன்றி மேடம். ஆனா நம்பகமான அளவு இல்லாத ஒன்றியத்தைப் பட்டியல்ல சேர்க்க விதி இடம் தராது. வேற வழியில்லை, உங்க ஒன்றியத்தை எடுத்துடறேன்."

மற்ற பதினொரு பேரும் குனிந்து அவரவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. டீ குடிக்கும்போதுதான் பக்கத்து ஒன்றியத்து அலுவலர் கிட்டுசாமி என்னைத் தூணோரம் கூப்பிட்டார்.

"எங்க ஆபீசுலயும் குவளை இல்லீங்க," என்றார். "எங்க ஆளு எம்பத்திரண்டைப் பாத்து எழுதிட்டிருக்கறானுங்க. நல்ல வேளைக்கு அது பஞ்ச வருசம்."

அன்று காலை நாங்கள் போட்ட பட்டியலில் அவருடைய ஒன்றியம்தான் முதலாவது.

"நீங்களும் எந்திரிச்சுச் சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா உங்குளுக்கு ஆனதுதான் எனக்கும் ஆகுமுங்க. எங்கூர்லயும் குடிக்கத் தண்ணி இல்லீங்க. அது நெசந்தானுங்களே?"

அது நிஜம்தான். அதனால்தான் அவர் சட்டையைப் பிடிக்க முடியாமல் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பிய அன்று தம்பி பஸ் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கம்முனு உக்காந்துட்டு வந்திருந்தாலும் கெடச்சிருக்காது. சொல்லியும் கெடைக்கலை. உடுக்கா."

அடுத்த மாதம் எனக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது, காளிச்சாமிக்குச் சம்பள உயர்வு நின்றது. பயிற்சிச் சான்றிதழும் அதே தபாலில் வந்தது. பங்குனியில் தம்பி நூற்றிருபது மரத்தையும் வெட்டிச் செங்கல் சூளைக்கு ஏற்றிவிட்டு, கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனான். தோட்டத்துக்காரன் நாற்பது வயதில் இரும்புத் தூள் கூட்டுகிறான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

சித்திரையில் குவளை வந்தது. பத்து வருடம் கழித்து, வைக்கோல் சுற்றி, புத்தம் புதிதாக. தினமும் காலை எட்டரை மணிக்கு நானும் காளிச்சாமியும் போய்ப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. முப்பத்தொரு நாள் பூஜ்யம் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருடத்தில் நான் சுத்தமாகப் போட்ட கையெழுத்துகள் அவைதான்.

நேற்று மெமோ வந்தது. பக்கத்து ஒன்றியத்தில் மழை பதிவாகியிருக்க, இங்கு மட்டும் தொடர்ந்து பூஜ்யம் பதிவு செய்யப்பட்டது ஏன், மூன்று நாளில் விளக்கம் தருக. அதோடு இன்னொரு தாளும் இருந்தது. வரும் ஜூலையில் அடுத்த பயிற்சி, அடுத்த நான்கு ஒன்றியங்கள். தம்பியின் மரங்கள் போய்விட்டன. மற்ற கிணறுகள் இருக்கின்றன.

இரண்டு தாளையும் மேசையில் வைத்துவிட்டுக் காளிச்சாமியைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, எம்பத்திரண்டாம் வருசத்து ரிஜிஸ்டர் எந்த பீரோவுல இருக்குதுங்க?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.