பெரியவரின் தாகம்

குளியலறைக்கு வெளியே, துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த மூலை எப்போதும் ஈரமாகவே இருந்தது. துடைத்தால் காயும், கொஞ்ச நேரத்தில் மறுபடி பளபளக்கும். பிளம்பர் மண்டியிட்டு, விரலால் தொட்டு மோந்து பார்த்தார். வாடை இல்லை. நிறமும் இல்லை. கழிவுக் குழாய் என்றால் மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். இது நல்ல தண்ணீர்க் குழாய்தான் என்று முடிவு கட்டினார். ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் அடைத்துவிட்டு, சொந்த வீட்டில் ஈரத்தில் கால் வைப்பது அவருக்கு மானக்கேடாக இருந்தது. விடுமுறை நாளில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து தரையை உடைத்தார்.

உடைந்த ஓடுகளை மனைவியின் தம்பி அள்ளிப் போட்டான். அவரோடு கூட வேலை பார்ப்பவன் அவன். ஒருவழியாகக் குழாய் கண்ணில் பட்டது. மேல்பூச்சு மட்டும்தான் நனைந்திருந்தது. குழாயைச் சுற்றி ஒரு பொட்டு ஈரம் இல்லை. பிளம்பர் அதைத் தடவினார், தட்டினார், மூட்டுகளில் காகிதத்தைச் சுற்றிப் பார்த்தார். காகிதம் மொரமொரவென்று அப்படியே இருந்தது. மச்சினனும் அவரும் பள்ளத்தை வெறித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது பெரியவர் வந்தார்.

பெரியவர் என்றால் பூனை. வாலிபத்தில் அதற்கு வேறு பெயர் இருந்தது. முகவாய் நரைத்ததும் வீட்டில் எல்லோரும் மரியாதை கொடுத்துப் பேசத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர் பள்ளத்தின் விளிம்புக்கு நடந்துவந்து, கிளறிப்போட்ட மண்ணை முகர்ந்து, வாகாக உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டார். ஒன்றுக்குப் போனார். போய்க்கொண்டே இருந்தார். ஒரு பூனைக்குள் அவ்வளவு இருக்கும் என்று பிளம்பர் நினைத்ததே இல்லை.

"மச்சான், நீங்க தேடுன கசிவுக்கு வால் இருக்கு" என்றான் மச்சினன்.

பிளம்பருக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் கேட்டு மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் எத்தனையோ தடவை சொன்னேனே, பெரியவர் தண்ணியா குடிக்கிறார்னு. நீங்க காதுலயே வாங்கல."

"குடிக்கிறார்னுதான் சொன்ன. இதைச் சொல்லலியே."

"குடிச்சது பின்ன எங்க போகும்? டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரலாமா?"

"வயசானா எல்லாருக்கும் இப்படித்தான். நல்லாத்தானே நடமாடறார்? எதுக்கு அந்த மனுஷனைப் போட்டு ஊசியால குத்தணும்?"

"மனுஷனா?" என்று மச்சினன் மறுபடி சிரித்தான்.

குடிச்சது எங்க போகும் என்று மனைவி கேட்டது மட்டும் பிளம்பரின் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் செய்கிற முதல் காரியம், கசிகிற இடத்தைத் தொடுவதல்ல. வருகிற தண்ணீரை நிறுத்துவதுதான். வரத்து நின்றால் போக்கு நிற்கும். அதற்குப் பிறகு நிதானமாக யோசிக்கலாம்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை. காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவாள். போகும்போது பெரியவரின் கிண்ணத்தை நிரப்பி வைப்பாள். அவள் தலை மறைந்ததும் பிளம்பர் கிண்ணத்தைத் தொட்டியில் கவிழ்ப்பார். நாக்கை நனைத்துக்கொள்ளும் அளவுக்கு அடியில் கொஞ்சம் விட்டுவைப்பார். வாளித் தண்ணீரில் வாய் வைக்கக்கூடாதென்று குளியலறைக் கதவைச் சாத்துவார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. புதிதாகப் பதித்த ஓட்டுக்குக் கீழே சிமெண்ட் இறுக வேண்டும். அதுவரைக்கும் பெரியவர் கொஞ்சம் அடங்கி இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்.

சாயங்காலம் மனைவி காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டுவாள். "பாருங்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. இந்த வயசுலயும் என்ன மாதிரி குடிக்கிறார்." அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும். பிளம்பர் ஏதாவது ஒரு திருகாணியைத் தேடுகிற பாவனையில் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொள்வார். அவள் நிரப்பி வைத்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும் மறுபடி கவிழ்ப்பார்.

மூலை காய்ந்தது. கணக்குச் சரியாக வந்த திருப்தியோடு அவர் வேலைக்குப் போய்வந்தார்.

ஒரு நாள் மத்தியானம், மறந்து வைத்துவிட்டுப் போன ரெஞ்சை எடுக்க வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவுக்கு முன்னால் பெரியவர் குப்புறப் படுத்திருந்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த சந்தில் நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தார். உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பது போல அந்த நாக்கு சத்தம் போட்டது. பிளம்பர் கதவைத் திறந்தார். பெரியவர் எழுந்தார். பின்னங்கால்கள் இரண்டும் மடங்கி, கொடியிலிருந்து நழுவிய துணி மாதிரி சரிந்தார்.

பிளம்பர் கிண்ணம் வழிய வழியத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் முகத்தை அதற்குள் கொண்டுபோனார். குடிக்கவில்லை. மூக்கு நனைய அப்படியே இருந்தார்.

"பெரியவரே, குடிங்க" என்றார் பிளம்பர். வீட்டில் வேறு யாரும் இல்லை. "குடிங்கய்யா."

கால்நடை மருத்துவமனைக்கு மனைவி வேலைச் சீருடையோடேயே ஓடிவந்தாள். டாக்டர் அம்மா பூனையின் பிடரித் தோலைப் பிடித்து இழுத்துவிட்டார். தோல் திரும்பிப் போய்ப் படியவில்லை. கூடாரம் மாதிரி நின்றது.

"தண்ணி வைக்கிறீங்களா?"

"நிறைய வைக்கிறேன் டாக்டர். ஒரு சொட்டு விடாம காலி பண்ணிடுவார்."

"அவ்வளவு குடிச்சா உடம்பு இப்படி வத்திப்போகாதே." டாக்டர் அம்மா மறுபடி தோலை இழுத்துப் பார்த்தார். "வயசான பூனைங்களுக்குச் சிறுநீரகம் தளர்ந்துபோகும். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற சக்தி இருக்காது, தண்ணி மாதிரியே வெளியே போயிடும். வாடைகூட இருக்காது. போனதை ஈடுகட்டத்தான் அது குடிச்சுக்கிட்டே இருக்கும். குடிக்கிறதால போறதில்ல. போறதால குடிக்குது. அதனால குடிக்கிற தண்ணியில மட்டும் கை வைக்கவே கூடாது."

பிளம்பர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரும்பு மேஜை, சில்லென்று இருந்தது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீடுகள், எத்தனையோ குழாய்கள். கசிவதை நிரப்பத்தான் தண்ணீர் வருகிறது என்று எந்தக் குழாயும் அவருக்குச் சொன்னதில்லை.

"அவர் காலி பண்ணல" என்றார். "நான்தான் கொட்டினேன்."

மனைவி திரும்பினாள். கோபம் இல்லை. சீட்டு வாங்க நீட்டிய நோட்டு கள்ள நோட்டோ என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஓடு பதிச்சதிலேர்ந்து."

"நான் தினமும் கிண்ணத்தைக் காட்டினேனே."

அவள் பெரியவரின் தலையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் அம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். சிறுநீரகம் மோசமாக இருக்கிறது, நரம்பில் தண்ணீர் ஏற்றிப் பார்க்கலாம், கொஞ்சம் மீளலாம் என்றார்.

"இதுல என்னால வந்தது எவ்வளவு?" என்று பிளம்பர் கேட்டார்.

"அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க. முன்னாடியே இருந்த நோய்தான். அது எவ்வளவு, இது எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

பெரியவர் மீண்டார், பாதி ஆளாக. முன்னங்காலில் மயிர் மழித்த வட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். இனி வீட்டிலேயே அடிக்கடி தோலுக்கு அடியில் மருந்துத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஊசியை எப்படிச் செருகுவது என்று மனைவிதான் கற்றுக்கொண்டாள். பிளம்பரை அவள் கிட்டே விடவில்லை. சாப்பாடு எடுத்துவைப்பாள், சாவியைக் கேட்பாள், கொடுப்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

முதல் தடவை பெரியவரை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மருந்துப் பை உயரத்தில் இருக்க வேண்டும். அதை எங்கே மாட்டுவது என்று அண்ணாந்து பார்த்தாள். வாசற்படியில் நின்றிருந்த பிளம்பர் கனைத்தார்.

"சுவத்துல ஒரு கொக்கி அடிச்சுடறேன். நிமிஷ வேலை."

"ஒண்ணும் அடிக்க வேண்டாம். நீங்களே பிடிங்க."

அவர் பையை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். அவள் ஊசியைச் செருகினாள். பெரியவர் ஒருமுறை முனகிவிட்டு அடங்கினார். சொட்டு சொட்டாக இறங்கியது. பை காலியாகிற வழியாய்த் தெரியவில்லை. அவருடைய தோள் கடுத்தது; பையிலிருந்து இறங்கிய குழாய் ஆடத் தொடங்கியது. அவள் அண்ணாந்து பார்க்காமலே கேட்டாள்:

"வலிக்குதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

"வலிக்குது."

"பிடிங்க" என்றாள்.