விடியற்காலைக் கிளாஸ்

பொழுது விடிவதற்குள் முதல் வரிசை மாடுகளின் குடல், சூடு ஆறாமல் தொட்டியில் வந்து விழுந்துவிடும். பெண்கள் முழங்கை வரை கையை விட்டுச் சாணத்தைப் பிதுக்கித் தள்ளி, சோடாக்காரம் போட்ட கொதிதண்ணீரில் அலசி, உள்தோலை வழித்தெடுக்க வேண்டும். கையுறை கிடையாது. நாற்றம் கண்ணைக் கரிக்கும். தெளிந்த புத்தியோடு எவளும் அங்கே நிற்கமாட்டாள் என்பது அறுப்புக்கூடத்து முதலாளிக்குத் தெரியும். அதனால்தான் வாசலிலேயே ஆளுக்கு ஒரு கிளாஸ் சாராயம், அதுவும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுப்பார். பெற்ற தகப்பன்கூட அப்படிக் கவனிக்கமாட்டான்!

அன்று கொதிநீர்க் குழாய் வெடித்தது. கடைசித் தொட்டிக்காரியின் மேல் தண்ணீர் பாய்ந்ததில், சேலையோடு தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. அவள் கத்தலில் கட்டியிருந்த மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

முதலாளி சாவகாசமாக வந்தார். "குழாய்க்கு ஒண்ணும் இல்ல. குடிச்சிட்டுத் தடுமாறி மோதியிருக்கா. சந்தேகமா இருந்தா வாயை முகர்ந்து பாருங்க."

"ஊத்திக் கொடுத்தது யாருங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அவளை எல்லோரும் வெடி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி.

"நீயும்தான் குடிச்சிருக்க. குடிகாரி பேச்சு எந்த ஆபீஸ்லயும் எடுபடாது. போய் வேலையைப் பாரு."

வெடி தன் தொட்டிக்குத் திரும்பினாள். அவர் சொன்னதில் பொய்யில்லை. வாசலில் ஆரம்பித்த குடி, அவளுக்கு இப்போது வீட்டிலும் தொடர்ந்தது. போன வாரம் புட்டி காலியாகிவிட்ட ஆத்திரத்தில் மகளைக் கரண்டியால் அடித்து, பிள்ளையின் மணிக்கட்டை உடைத்துவிட்டாள். பக்கத்துத் தொட்டியில் வேலை செய்கிற நாத்தனார்தான் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். "குடியை விட்டுட்டு வாங்க அண்ணி, அப்புறம் பார்க்கலாம். அதுவரைக்கும் என் வாசப்படி மிதிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

கூடத்துக்கு ஐஸ் கட்டி கொண்டுவருகிறவர் குடியை விட்டவர் என்பது ஊருக்கே தெரியும். எங்கே போய் அதை விட்டார் என்றுதான் யாரும் கேட்டதில்லை. வெடி அன்று சாயங்காலம் கேட்டாள். மெக்கானிக் ஷெட்டின் மாடியில் குடியை விட்டவர்கள் கூட்டம் நடக்கிறது, வா என்றார்.

போனாள். வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர் இவளைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "சண்டை வேணாம்மா. உங்க வீட்டுக்காரர் யாருன்னு சொல்லுங்க, நானே அனுப்பி வைக்கிறேன்."

"அந்த மனுஷன் செத்து நாளாச்சு. குடிக்கிறது நான்."

எவனோ களுக்கென்று சிரித்தான். ஐஸ்காரர் அவனை ஒரு பார்வை பார்த்தார். வெடி நின்றபடியே கரண்டியைச் சொன்னாள், மணிக்கட்டு முறிந்த சத்தத்தைச் சொன்னாள், சொல்லி முடிக்க முடியாமல் அழுதாள். யாரும் புத்தி சொல்லவில்லை. அங்கே இருந்த ஒவ்வொருவனும் யாரையோ அடித்தவன்தான்.

"ஒரேயடியா விட்டா வலிப்பு வரும். இப்பவே டாக்டர்கிட்ட போய் மாத்திரை வாங்குவோம். தனியா மட்டும் இருக்காதே" என்றார் ஐஸ்காரர். "ஆமா, தினமும் முதல் கிளாஸ் எங்க கிடைக்குது?"

"வேலை வாசல்லதான்."

"அப்ப நாங்களும் வாசலுக்கே வர்றோம்."

மறுநாள் முதலாளி கிளாஸை நீட்டினார். வெடி வாங்கவில்லை.

"குடிக்காம அந்த நாத்தத்தை எப்படித் தாங்குவ?"

"தாங்க முடியாதுங்க. ஆனா கண்ணு தெளிவாத் தெரியும். குழாய் எப்படி ஓட்டையாச்சுன்னு பார்ப்பேன். பார்த்ததைப் போய்ச் சொல்லுவேன்."

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. குடிக்காத ஒருத்தி உள்ளே இருந்தால் அவள் சாட்சி. அவள் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் வளைத்து, கிளாஸைப் பல்லில் மோதினார். உதடு கிழிந்தது. ரத்தமும் சாராயமும் ஒன்றாக வாய்க்குள் இறங்கின. அந்த வாசனை பட்டதும் அவளுடைய தொண்டை தானாகவே திறந்துகொண்டது. பாழாய்ப்போன உடம்பு, விழுங்கு விழுங்கு என்று கெஞ்சியது. வெடி அப்படியே அவர் முகத்தில் துப்பினாள்.

வயிற்றில் ஓர் உதை விழுந்தது. சுருண்டு விழுந்தவளை மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினார். அதற்குள் நாத்தனார் தன் கிளாஸை அவர் காலடியில் ஓங்கி அடித்தாள்.

"இன்னொரு உதை விழுந்துச்சு, நடக்கிறதே வேற!"

அடுத்தவளும் தன் கிளாஸைக் கவிழ்த்தாள், அதற்கடுத்தவளும். தோலுரிக்கிற ஆண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றார்கள். முதலாளி உள்ளே பின்வாங்கிக் கேட்டை இழுத்துப் பூட்டினார். "ஒருத்தனும் ஒருத்தியும் உள்ள வர வேணாம்! வேற ஆளே கிடைக்காதா எனக்கு?"

"கூப்பிட்டுக்கோங்க. வர்றவங்களுக்கும் நடந்ததை நாங்களே சொல்லிக்கிறோம்" என்றான் தோலுரிக்கிறவர்களில் ஒருவன்.

ஐஸ் வண்டி வந்தது. அதில் ஐஸ் இல்லை, நாற்காலிகள் இருந்தன. முந்தின நாள் சிரித்தவன்தான் அவற்றை இறக்கிக் கேட்டுக்கு எதிரே போட்டான். வேலையை விட்டு வந்தவர்கள் அதில் உட்கார்ந்தார்கள். வெடியின் உடம்பு காய்ச்சல்காரி உடம்பாக உதறியது. மாத்திரையை விழுங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் அவள் உதட்டு ரத்தத்தை அழுத்திப் பிடித்தாள்.

"பிள்ளையை இப்பத் தரமாட்டேன், அண்ணி."

"தராதே. எனக்கே இன்னும் என் மேல நம்பிக்கை வரல."

நாத்தனார் கையை எடுக்கவில்லை. பூட்டிய கேட்டுக்கு உள்ளே அறுபடாத மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. அடுத்த ஷிப்டுக்கு வந்த பெண்கள் கேட்டைப் பார்த்தார்கள், ரத்தத்தைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் கேட்டாள்:

"நாங்க எந்தப் பக்கம் உட்காரட்டும்?"