ரெண்டும் இருபத்தாறுதான்

மத்தியானம் அடிவாரச் சந்தையிலிருந்து ஏஜென்டின் வேன் கிளம்பிவிடும். அதற்குள் காசியெம் மலையிறங்கி மகளைப் பிடித்தாக வேண்டும். வினார்சி சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். “போனா திரும்ப இந்த வாசப்படி மிதிக்காத” என்று நேற்று பெற்றவள் வாயே சொல்லிவிட்டது. விடியுமுன் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அம்மாவின் கையை முத்தமிட்டு விடைபெறாமலே. ஜாவாவில் எந்தப் பிள்ளை அப்படிப் போகும்? சொன்னதைத் திரும்ப வாங்காவிட்டால் காசியெமுக்குச் சோறு இறங்காது. சைக்கிளோ முன்டயர் வெடித்துக் கிடந்தது.

தம்பி துகிமான் புது டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். ரிம்மில் ஏற்றிப் பார்த்தார்கள். மிதித்தும் நெம்பியும் ஏறவில்லை.

“இருபத்தாறு இஞ்சுதானேக்கா கேட்ட? இந்தா, போட்டிருக்கு பாரு.”

“பழசுலயும் இருபத்தாறுதான்டா போட்டிருக்கு. பக்கத்துல இருக்கிற நம்பரப் பாத்தியா? அது ஒண்ணே மூணு எட்டு, ஒல்லி டயரு. இது மலை சைக்கிளோடது, தடி டயரு.”

அந்த இருபத்தாறு ரிம்மின் அளவே இல்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் காற்றடித்த டயரின் வெளிவட்டத்தை அளந்து பேர் வைத்துவிட்டுப் போனான். ஒல்லி டயருக்குப் பெரிய ரிம், தடி டயருக்குச் சின்ன ரிம், பேர் மட்டும் ஒன்று. நாசமாய்ப் போக, அதை இவள் தலையிலா கட்ட வேண்டும்?

மாற்றிவர நேரமில்லை. வெடித்த டயரையே மாட்டி, உள்ளே ஒரு டயர்த் துண்டு கொடுத்து, பழைய ட்யூப் ஒன்றைக் கீறி ரிம்மோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். கட்டு இடிக்கும் என்று முன் பிரேக் கட்டைகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. பின் பிரேக் செத்து எத்தனையோ மாசம்.

“இறக்கம்க்கா. எப்படி நிறுத்துவ?”

“செருப்பு இருக்குல்ல, தேய்ச்சுக்கிறேன். தள்ளு.”

பாதி வழியிலேயே செருப்பு பிய்ந்து பறந்தது. அடுத்த வளைவில் எதிரே ஏஜென்டின் வேன் ஏறி வந்தது. மலைமேல் ஊர்ப் பெண்ணொருத்தியையும் ஏற்றிக்கொண்டு மலைவழியாகவே விமான நிலையத்துக்குப் போகிறதாம், இவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிக்குப் பின்னால் வினார்சியின் முகம்.

காசியெம் வெறுங்காலைத் தாரில் தேய்த்தாள். தோல் கிழிந்தது, சைக்கிள் நிற்கவில்லை. “போய்ட்டு வா கண்ணு, நம்ம வீட்டுக்கே வா” என்று தொண்டை கிழியக் கத்தினாள். கண்ணாடி மூடியிருந்தது.

மகள் பார்த்தாள். தலைவிரிகோலமாய், வாயைப் பிளந்து கத்தியபடி, நிற்காமலே தாண்டிப் போன அம்மாவைப் பார்த்தாள். இன்னும் திட்டித் தீரவில்லை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.